மரத்த பாதம், நிற்கும் வேலை

செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல் வீடு வரை நடந்து வந்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். பேருந்தை விட்டு இறங்கும்போது இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. வாசலில் கால் கழுவக் குனிந்தால் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று போனதைப் பாதம் சொல்லவே இல்லை. அதே மனிதர் இரவு படுத்ததும், "பாதம் எரியுது, போர்வை பட்டாலே தாங்கலை" என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். செருப்பு போனதைக்கூட உணராத கால், போர்வை பட்டதற்கு எப்படி எரிகிறது?

இதோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் வரும். சர்க்கரை ரத்தத்தில் உடம்பு முழுக்கத்தான் ஓடுகிறது. பிறகு ஏன் பாதத்தில் மட்டும் தொடங்குகிறது? மூன்றாவது கேள்வியைப் பலர் மருத்துவரிடம் கேட்பதே இல்லை. வீட்டில் மெதுவாகக் கேட்டுக்கொள்வார்கள்: இந்தக் காலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வேலைக்குப் போக முடியும்?

இந்த அத்தியாயம் அந்த மூன்றாவது கேள்விக்காக எழுதப்பட்டது. ஆனால் முதல் இரண்டையும் கடக்காமல் அதற்குப் போக முடியாது.

ஒரு மீட்டர் நீள இழை

ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 48, எடை 60 கிலோ. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும்வரை நிற்கிறார். நடுவில் குடோனுக்கும் கவுண்டருக்கும் நடக்கிறார். இவர் நம் கணக்குக்காக உருவாக்கிய ஆள். ஆனால் இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் இவரைப் போன்றவர்கள் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் இருப்பார்கள்.

இவருடைய கால் கட்டைவிரலிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பு செல் எங்கே இருக்கிறது தெரியுமா? விரலில் இல்லை, காலிலேயே இல்லை. கீழ் முதுகில், தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அந்த செல்லின் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. அதிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் எல்லாம் கடந்து கட்டைவிரல் நுனிவரை நீள்கிறது. சுமார் ஒரு மீட்டர். இதை நாம் நரம்பிழை என்போம். தன் உடலைப் போல் பத்தாயிரம் மடங்கு நீளமான ஓர் இழைக்கு அந்தச் சிறிய செல்தான் சோறு போட வேண்டும். இழை தனக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பங்கைத் தானாகச் செய்துகொள்ளாது. முதுகில் தயாராகி இழைக்குள்ளேயே பயணித்துத்தான் விரலுக்கு வந்தாக வேண்டும்.

அந்தப் பயணத்தில் இரண்டு வேகங்கள் உண்டு. வேகமாகப் போகும் சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை நகரும். இந்தப் பெண்ணின் விரலுக்கு இரண்டரை நாளில் போய்ச் சேர்ந்துவிடும். இழையின் உள்கட்டுமானத்துக்கான புரதங்கள் மெதுவாகத்தான் நகரும், நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டருக்கு ஆயிரம் மில்லிமீட்டர், ஆயிரம் நாள். இன்று முதுகிலிருந்து புறப்படும் புரதம் கட்டைவிரலைத் தொட இரண்டே முக்கால் ஆண்டு ஆகும். முகத்துக்குப் போகும் நரம்பிழை பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான். அங்கே இதே புரதம் நான்கைந்து மாதத்தில் சேர்ந்துவிடும்.

மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும் என்று டெல்டாக்காரர்களைக் கேட்க வேண்டியதில்லை. கடைமடைதான். நரம்பிலும் அதுவேதான் நடக்கிறது. சர்க்கரை நெடுங்காலம் கூடியே இருந்தால் நரம்பு செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் வேலை தடுமாறுகிறது. நரம்புக்கு ரத்தம் தரும் மயிரிழைக் குழாய்கள் தடித்து அடைபடுகின்றன. எல்லா நரம்பும் கொஞ்சம் தளர்கிறது. மிக நீண்ட இழையின் நுனி முதலில் வாடுகிறது. அதனால்தான் இரண்டு பாதங்களிலும், விரல் நுனியில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்குகிறது.

மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே ஓடும் நரம்புகள் இப்படிக் கெடுவதைப் புற நரம்பு நோய் என்கிறார்கள். சர்க்கரையுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. பி12 குறைவு, நெடுநாள் மது, தொழுநோய், சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட் என்று வேறு காரணங்களும் உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். எனவே சர்க்கரைதான் காரணம் என்று முடிவுகட்டும் முன் அதையும் ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

நீளக் கணக்கு வேலைக்குப் போகிறவருக்கு இன்னொரு தகவலும் தருகிறது. மரப்பு பாதத்திலிருந்து மேலேறி முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல் நுனிகளில் பொதுவாகத் தொடங்கும். முதுகிலிருந்து முழங்காலுக்கும், கழுத்திலிருந்து விரல் நுனிக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். கொக்கி மாட்டுகிறவர், ஊசி கோக்கிறவர், நோட்டு எண்ணுகிறவர் எல்லோருக்கும் கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதற்கும் கைக்கும் இடையில் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருக்கும். பாதம் நன்றாயிருக்கக் கைவிரல் மட்டும் மரத்தால் அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, பார்க்க வேண்டிய இடமும் வேறு.

மரத்ததும் எரிவதும்

இனி முதல் புதிர். பாதத்தில் ஓடுவது ஒரே வகை இழை அல்ல. தடித்த இழைகள் தொடுதல், அதிர்வு, விரல் எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றைச் சொல்கின்றன. மெல்லிய இழைகள் சூடு, குளிர், வலி ஆகியவற்றைச் சொல்கின்றன. சூட்டை உணரும் மெல்லிய இழையின் நுனியில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஒரு புரதக் கதவு இருக்கிறது. 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறக்கும். மிளகாயின் காரம் பட்டாலும் திறக்கும். மிளகாய் நறுக்கிய கை எரிவது அதனால்தான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும், தொடுதலை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டப்பூட்டியனும் 2021ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வாடிக்கொண்டிருக்கும் மெல்லிய இழை மௌனமாகச் சாவதில்லை. எதுவும் படாமலே தானாகத் துடித்துச் சேதி அனுப்புகிறது. மூளைக்கு அது தீ. தோலிலிருந்து உண்மையான சேதியைக் கொண்டுவர வேண்டிய நுனிகளோ முன்பே போய்விட்டன. ஆக, வெளியே நடப்பது உள்ளே வருவதில்லை. வெளியே நடக்காதது உள்ளே கேட்கிறது. ஒரே பாதம் மரத்தும் எரிந்தும் இருப்பதன் காரணம் இது.

தடித்த இழை போனால் சேதம் வேறு மாதிரி. முகம் கழுவக் கண்ணை மூடினால் உடல் ஆடும். இருட்டுப் படியில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. பாதம் சொல்லாததைக் கண்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. கண் மூடியதும் ஈடு போய்விடுகிறது. நம் புடவைக் கடைப் பெண்மணி குடோன் படியில் தடுமாறினால் பிழை அவருடையது அல்ல. அந்தப் படிக்கு ஒரு விளக்கும் கைப்பிடியும் தேவை, அவ்வளவுதான்.

எரிச்சலுக்கு மருந்து உண்டு. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின், காபாபென்டின் என்று மருத்துவர் எழுதுவார். இவை மரத்ததைத் திருப்பித் தருவதில்லை, எரிச்சலைத் தணிக்கும். இவற்றில் சில தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரும். தையல் மெஷின், லாரி, உயரத்தில் வேலை என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். "நான் என்ன வேலை செய்கிறேன்" என்பது மருந்தையும் அதை எடுக்கும் நேரத்தையும் தீர்மானிக்கும் விவரம். நம் ஊரில் அவசரத்தில் விட்டுப்போகும் விவரமும் அதுதான்.

வேலூரில் ஒரு பூட்டு

உணர்ச்சி போன கையையும் காலையும் வைத்துக்கொண்டு உழைத்துப் பிழைப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகம் இன்று சொல்லும் பதில்களில் சில வேலூரில் கண்டுபிடிக்கப்பட்டவை. பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று அப்போது மருத்துவர்களே நம்பினார்கள். அவருக்கு அதில் ஐயம் இருந்தது.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்கச் சாவியை முறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இத்தனை பலமா என்று வியந்தவர் கீழே பார்த்தால் ரத்தம். சாவி சிறுவனின் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. பெரியவர் நிறுத்திய இடத்தில் அவரை நிறுத்தியது வலி. சிறுவனை நிறுத்த எதுவும் இல்லை. அவன் விரலை நோய் தின்னவில்லை. தின்றது பூட்டு. விரல் குறைந்த நோயாளிகளை இரவில் கண்காணித்தபோது எலி கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அதன்பின் வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பத் தொடங்கினார்கள்.

மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார் பிராண்ட். அப்போது எதிர்பாராத சிக்கல் எழுந்தது. மடங்கிய கையைக் காட்டினால் பிச்சை கிடைத்தது. நிமிர்ந்த கைக்குப் பிச்சையும் இல்லை, வேலையும் இல்லை. சிகிச்சை வெற்றி பெற்று மனிதன் பட்டினி கிடந்தால் அது சிகிச்சை அல்ல என்பது அவருக்குப் புரிந்தது. வேலூரில் புதுவாழ்வு மையம் தொடங்கியது. மர பொம்மை செய்யும் தச்சுப் பட்டறை வந்தது. வாள், உளி, சுத்தியல் எல்லாம் உணர்ச்சியற்ற கைகளில். ஒவ்வொரு நாளும் எல்லோருடைய கையையும் பார்ப்பார்கள். புதுக் கொப்புளம் தெரிந்தால் எந்தக் கருவியால், எந்தப் பிடியில் வந்தது என்று தேடிக் கைப்பிடியை மாற்றுவார்கள். மனிதனை மாற்றவில்லை, கைப்பிடியை மாற்றினார்கள். காயங்கள் குறைந்தன, விரல்கள் மிஞ்சின.

1966ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குக் கொண்டுபோனார். காரணம் வேறானாலும் மரத்த பாதத்தின் நிலை ஒன்றுதான். இன்று நம் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதித் தருகிறார்களே, நுண்ணறைகள் நிறைந்த அந்த மென்ரப்பர் தொழுநோயாளிகளின் பாதத்துக்காகத் தேடித் தயாரிக்கப்பட்டது.

ஆணி குத்தாமலே வரும் புண்

மரத்த காலில் புண் எப்படி வருகிறது என்று கேட்டால் ஆணி, முள், கண்ணாடி என்போம். அது ஒரு வழி. இறுக்கமான ஷூ மணிக்கணக்கில் அழுத்தி ரத்தத்தைத் தடுப்பது இரண்டாம் வழி. மூன்றாவதுதான் நம் புடவைக் கடைக்கானது: வெறும் நடை.

கணக்குப் போடுவோம். 60 கிலோ எடை முழுப் பாதத்திலும், சுமார் 100 சதுர சென்டிமீட்டரில், சீராக இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 600 கிராம்தான். தோலுக்கு அது பொருட்டே அல்ல. ஆனால் அடியெடுத்து உந்தும்போது எடை விரல்களின் அடிமேட்டுக்குப் போகிறது. கடினமான மெல்லிய செருப்பில், 30 கிலோ அளவு ஒரே எலும்பு மேட்டின் 6 சதுர சென்டிமீட்டரில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, முன்னதைப் போல எட்டு மடங்குக்கு மேல். ஒருமுறைக்கு இதுவும் ஒன்றும் செய்யாது. நாளுக்கு எட்டாயிரம் அடி என்றால் ஒவ்வொரு பாதத்துக்கும் நாலாயிரம் முறை. அதே இடத்தில். நாளையும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும்.

உணர்வுள்ள பாதம் இதை இரண்டாயிரமாவது அடியிலேயே சொல்லிவிடும். நாமும் அறியாமலே நடையை மாற்றுவோம். எடையை ஓரத்துக்குத் தள்ளுவோம். ஒரு காலைத் தூக்கிச் சுவரில் சாய்வோம். மரத்த பாதமுள்ளவர் நாலாயிரமாவது அடியையும் முதல் அடியைப் போலவே வைக்கிறார். எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை இயந்திரத்தால் கொடுத்துப் பார்த்தார் பிராண்ட். இடைவிடாமல் கொடுத்தபோது திசு வீங்கிச் சூடாகிப் புண்ணானது. அழுத்தும் தடவைகளைக் குறைத்து நடுவில் ஓய்வு நாட்களும் விட்டபோது தோல் தடித்து, தாக்குப்பிடிக்கப் பழகியது.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள். அந்தப் பெண்ணின் பாதத்தைக் கெடுப்பது வேலை அல்ல. நிற்காமல் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம். அதை உடைத்துப் பிரித்தால் வேலை தொடரலாம்.

புண் வருமுன் சூடு வரும். இரவில் இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தைப் புறங்கையால் தொட்டு ஒப்பிட்டால் ஒரு பக்கம் கூடுதல் சூடு தெரியலாம். கைவிரலும் மரத்திருந்தால் வீட்டிலுள்ள வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும், அல்லது தோல் வெப்பம் காட்டும் கருவி இருந்தால் அதைக் கொண்டு அளக்கலாம். 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்தால் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது நல்ல பாதுகாப்பு. கால் ஆணியை பிளேடால் சீவிக்கொள்வது, எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைப்பது இரண்டும் கூடவே கூடாது. தண்ணீர் எத்தனை சூடு என்று சொல்ல வேண்டிய நரம்பே அங்கே இல்லை.

கையுறை ஏன் தோற்றது

வலி போய்விட்டது, சரி. வலிக்குப் பதில் ஒரு கருவி செய்துவிட்டால்? கார்வில்லில் பிராண்டும் பொறியாளர்களும் சில ஆண்டுகள் இதற்காக உழைத்தார்கள். அழுத்தத்தை உணரும் சென்சார்கள் வைத்த கையுறை செய்தார்கள். ஆபத்தான அளவு எட்டினால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் கேட்டார்கள், கேட்டும் திருகைத் திருகி முடித்தார்கள். ஒலி போதவில்லை என்று, உடம்பில் உணர்ச்சி மிஞ்சியிருந்த இடத்தில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். கடினமான வேலை வந்தால் நோயாளிகள் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்து மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இந்தத் தோல்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்த நோயாளிகள் அறிவற்றவர்கள் அல்லர். முடிக்க வேண்டிய வேலை கண் முன்னே இருக்கும்போது, அணைக்கக்கூடிய எச்சரிக்கையை மனிதன் அணைத்துவிடுவான். வலியை அணைக்க முடியாது. அதன் பயன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இதை நம் கடைக்குள் கொண்டுவந்து பாருங்கள். "அக்கா, கால் முடியலைன்னா கொஞ்சம் உக்காருங்க" என்று சூப்பர்வைசர் அன்பாகவே சொல்லலாம். ஆனால் முடியலை என்று அவர் கால்தான் சொல்வதில்லையே! கூட்டம் நெரிகிறது, கமிஷன் போய்விடும், உட்கார்ந்தால் முதலாளி பார்ப்பார். அந்தப் பெண் தன் சுவிட்சை அணைத்துவிட்டு நிற்பார். அதனால் உட்காருவதை அவர் விருப்பத்துக்கு விடக் கூடாது. கடிகாரத்துக்கு விட வேண்டும். மணிக்கு ஐந்து நிமிடம், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், முறைவைத்து எல்லோரும் உட்காருவது என்று இருந்தால் ஒருவரும் தனியாகக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

கடைக்குள் மாற்றக்கூடியவை

புடவைக் கடைப் பெண்மணிக்கு எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. அவர் வேலை செய்யும் தளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்பது கடை வழக்கம். இங்கேதான் ஆயிரக்கணக்கில் செலவழித்த வைத்தியம் வாசலில் கழற்றி வைக்கப்படுகிறது. கடைக்குள் மட்டும் போட இரண்டாவது ஜோடி வைத்துக்கொள்வது சாதாரணத் தீர்வு. ஆனால் அதை அவர் மேனேஜரிடம் கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது?

"சார், எனக்கு நரம்புத் தொந்தரவு" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் காதில் விழுவது "இவரால் இனி முடியாது" என்பது. நோயின் பெயரைவிட வேண்டியதைச் சொல்வது மேல். "சார், பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உள்ளே போடறதுக்குன்னு தனியா ஒரு செருப்பு வெச்சுக்கறேன். மணிக்கு அஞ்சு நிமிஷம் ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். குடோன் படிக்குப் பதிலா பில்லிங்ல மாத்திக் குடுத்தீங்கன்னா எப்பவும் போல வந்துருவேன்." மூன்று கோரிக்கை, ஒரு மருத்துவச் சீட்டு. கடைக்காரருக்கு ஆகும் செலவு ஒரு ஸ்டூல். பதினைந்து வருட அனுபவமுள்ள ஊழியரை இழந்தால் ஆகும் நட்டம் அதைவிடப் பெரிது என்பதை எந்த அண்ணாச்சிக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

வேலைக்கு வேலை தேவை மாறும். தையற்காரருக்குக் கை மரத்தால் முதலில் வேண்டியது வெளிச்சம்; விரல் செய்த வேலையைக் கண் எடுத்துக்கொள்ளும். கருவிக் கைப்பிடியைத் தடிமனாக்கித் துணி சுற்றினால் பிடி பரவும், அழுத்தம் குறையும். சமையல்காரர் பாத்திரத்தைத் தொட்டுச் சூடு பார்க்கும் பழக்கத்தை விட்டுக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மதியம் கோயிலுக்குப் போகிறவர் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடப்பதைக் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

சில வேலைகளை விடத்தான் வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. பிரேக்கை எத்தனை அழுத்துகிறோம் என்று பாதத்துக்குத் தெரியாத நிலையில் பேருந்து ஓட்டுவதும், சாரத்தில் ஏறுவதும் பிறர் உயிரையும் தன் உயிரையும் பணயம் வைப்பது. அங்கே கேள்வி வேலையைக் காப்பது அல்ல, பிழைப்பைக் காப்பது.

சட்டம் எதுவரை வரும்

தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021ல் திருத்தப்பட்டது. பணியாளர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கிடையில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளம் 2018லேயே இதைச் செய்தது. இந்தச் சட்டத்தைத் தொழிலாளர் கண்ணியத்துக்கான வெற்றியாகப் பேசுகிறார்கள், சரிதான். என் கண்ணுக்கு அது மருத்துவச் சட்டமாகவும் தெரிகிறது.

அரசுப் பணியிலிருப்பவருக்குப் பாதுகாப்பு வலுவானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 20ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் உடற்குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலைக்குத் தகுதி இல்லையென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படியொரு பணி காலியாக இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உண்டாக்கியாவது வைத்திருக்க வேண்டும். மரத்த பாதத்தால் பேருந்து ஓட்ட முடியாதவர் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்கும் முன் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும்.

தனியார் கடையில் இத்தனை உறுதி கிடையாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, நோய்க்கால விடுப்புக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்டகாலப் பயன் தரும் நோய்களின் பட்டியலில் நீரிழிவுப் பாதப் புண்ணும் சேர்ந்திருக்கிறது. புண் ஆற வாரக்கணக்கில் காலைத் தரையில் ஊன்றாமல் இருக்க வேண்டியிருக்கும்போது இந்தப் பணம்தான் பாதத்தைக் காப்பாற்றும். சம்பளம் போய்விடுமே என்று புண்ணோடு நடந்து விரலை இழப்பவர்கள் விஷயம் தெரியாமல் இழப்பவர்கள்.

வேலையே நரம்பைக் கெடுத்தால்

இதுவரை சொன்னதெல்லாம் நோய் வேலைக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு. சில சமயம் வேலையே காரணம். செருப்பும் ஷூவும் ஒட்டும் பசைகள் சிலவற்றில் கரைப்பானாகச் சேரும் ஹெக்சேன் ஆவி, காற்றோட்டமில்லாத அறையில் மாதக்கணக்கில் சுவாசித்தால் கைகால் நரம்புகளைக் கெடுக்கும். ஜப்பானில் 1960களில் வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டியவர்களிடம் இது கூட்டமாகத் தோன்றியது. பேட்டரிப் பட்டறை ஈயத்தால் மணிக்கட்டு தொங்கிப்போகலாம். ஒரே பட்டறையில் இரண்டு மூன்று பேருக்குக் கைகால் மரத்தால் அது சர்க்கரை என்று எண்ணிச் சும்மா இருக்கக் கூடாது. அங்கே தாக்குப்பிடிப்பது வீரம் ஆகாது. அந்தக் காற்றை விட்டு வெளியேறுவதே சிகிச்சை. ஹெக்சேனால் கெட்ட நரம்பு, அதை விட்டு விலகினால், மெதுவாகவேனும் பெரும்பாலும் தேறும்.

பத்து கிராம்

இவ்வளவும் ஒரு சிறிய பரிசோதனையில் தொடங்குகிறது. குறிப்பிட்ட தடிமனுள்ள நைலான் இழை ஒன்றைக் கண்ணை மூடியிருப்பவரின் உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்துவார்கள். வளையும்போது அது தரும் அழுத்தம் 10 கிராம். அதை உணராத பாதம் தன்னைக் காத்துக்கொள்ளும் திறனை இழந்த பாதம் என்பது கார்வில்லில் நோயாளிகளின் பாதங்களைச் சோதித்து நிறுவப்பட்டது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, இரண்டு நிமிடம். நம் புடவைக் கடைப் பெண்மணிக்குப் பன்னிரண்டு ஆண்டில் இதை ஒருமுறையாவது செய்திருந்தால் செருப்பும் ஸ்டூலும் முன்பே வந்திருக்கும்.

சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் பார்த்து அனுப்பினால், "டாக்டர், பாதத்தையும் பாருங்க" என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கேளுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.